பத்து விரல் வரைந்த தாள்

லேப்டாப் சரியாக மூடவில்லை. நான்கு மாதம் காத்திருந்து கடல் தாண்டி வந்த சாமான். ஸ்பாஞ்சையும் பிளாஸ்டிக்கையும் உரித்துப் போட்டுவிட்டு ரூபேந்திரன் முதல் வேலையாக மூடியைத் திறந்து பார்த்தான், திரும்ப மூடிப் பார்த்தான். இடது பக்கம் பொருந்தி உட்கார்ந்தது. வலது பக்கத்தில் மட்டும் ஒரு விரல் பருமனுக்குச் சந்து. பெட்டிக்குள்ளும் அது அப்படித்தான் வாயைத் திறந்துகொண்டு வந்திருந்தது. லேசாக அழுத்திப் பார்த்தான். நடுவில் எதுவோ தடுத்தது, கொஞ்சம் மெத்தென்று. கீறல் விழுந்துவிடுமோ என்று கையை எடுத்துவிட்டு, ஒரு போட்டோ பிடித்து, மூடவில்லை என்று விற்றவனுக்கு அனுப்பிவைத்தான். பதில் வரவில்லை.

அன்று காலை எட்டு மணிக்கு இரவு வேலை முடிந்து வந்த அவன் மனைவி ஷாமளா, வாசலில் செருப்பைக் கழற்றும்போதே வலது கையை உதறிக்கொண்டிருந்தாள். "வேன் கதவுல நசுக்கிட்டேனா என்னன்னு தெரியல ரூபன். இப்பதான், நம்ம தாமான் வீடுங்க கிட்ட வரும்போது. ரெண்டு விரலும் வலிக்குது." அவன் காதில் எங்கே விழுந்தது? அவனுக்குத்தான் தலைகால் புரியவில்லையே.

அவனையும் சும்மா திட்டிவிட முடியாது. இரண்டு வருஷத்துக்கு முன்னால், தம்போயில் தகடு அமுக்கும் பட்டறையில் மேல் அச்சு இறங்கியபோது அவன் வலது கையின் மோதிர விரலும் சுண்டு விரலும் உள்ளே இருந்தன. பெரிய சத்தம் எதுவும் இல்லை, முருங்கைக்காயை ஒடிக்கிற அளவுதான். தகட்டோடு தகடாக நசுங்கிக் கிடந்ததைக் கூட வேலை செய்த அர்ச்சுனன் சுரண்டி எடுத்து, துணியில் சுற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தான். டாக்டர் துணியைப் பிரித்துப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பச் சுற்றிக் கொடுத்துவிட்டார். அன்றிலிருந்து அந்தக் கை பாக்கெட்டுக்குள்தான். கோயிலில் திருநீறுக்குக்கூட இடது கையை நீட்டி ஐயரிடம் பேச்சு வாங்குவான். வேலை போனதைவிட அவனுக்குப் பெரிய துக்கம், விளையாட முடியாமல் போனது. கேம் விளையாடுவதில் ஒரு காலத்தில் ஜொகூர் பையன்களுக்கு அவன் பெயரைச் சொன்னாலே போதும். இப்போது மூன்று விரலோடு உட்கார்ந்தால் பத்து வயதுப் பிள்ளைகள் அடித்துப் போட்டுவிட்டுச் சிரித்தார்கள்.

அப்போதுதான் அந்த வெளிநாட்டுக்காரனை இணையத்தில் கண்டுபிடித்தான். வாங்குகிறவர் கைக்குத் தகுந்தபடி கீபோர்டு அமைத்து லேப்டாப் செய்து தருகிறவன். இரண்டு கைகளையும் வெள்ளைத் தாளில் பதித்துப் பென்சிலால் சுற்றி வரைந்து அனுப்ப வேண்டும், அவ்வளவுதான். எட்டு விரலை வரைந்து அனுப்பியிருந்தால் எட்டு விரலுக்கு ஏற்ற மாதிரி செய்து தந்திருப்பான். இந்த மனிதனுக்கு வெட்கம். முகம் தெரியாத ஒருவனிடம்கூட ஊனத்தைக் காட்ட மனசு வரவில்லை. ஷாமளாவைக் கூப்பிட்டு, அவள் வலது கையைத் தன் கைமேல் வைக்கச் சொன்னான். மூன்று விரல் அவனுடையது, மோதிர விரலும் சுண்டு விரலும் அவளுடையது.

"அலமாக், அவன்கிட்ட பொய்யா சொல்ற?" என்று அவள் சிரித்தாள். பென்சில் அவள் விரலைச் சுற்றி வந்தபோது கூச்சத்தில் நெளிந்தாள். வரைந்தது முழுக்க உங்கள் கைதானா, இதில் உள்ளபடியே செய்வோம் என்று விற்பவன் கேட்டிருந்தான். ஆமாம் என்று ரூபேந்திரன் பதில் போட்டான்.

வந்த பொருள் சாதாரணப் பொருளே இல்லை. மூடி சரியில்லாவிட்டால் என்ன, திறந்தே கிடக்கட்டும் என்று ஹாலில் மேசைமேல் வைத்துக்கொண்டான். ஷாமளா ஜன்னலுக்குக் கறுப்புத் துணி போட்டு அறைக்குள் தூங்குகிற பகல் முழுக்க அவன் காதில் ஹெட்போனோடு உட்கார்ந்தான். கீகள் விரலுக்கு விரல் தேடி வந்து நின்றன. வலது ஓரத்தில், அவனுக்கு விரல் இல்லாத இடத்தில் இருந்த இரண்டு கீகள் மட்டும் வெதுவெதுப்பாக இருந்தன. சூடாகும் சாமான்தானே என்று விட்டுவிட்டான்.

விளையாட்டு உச்சத்துக்குப் போன நேரத்தில் அந்த இரண்டும் தாமாகவே அமுங்கின.

கையை எடுத்துக்கொண்டான். கீகளும் நின்றுவிட்டன. மறுபடி கையை வைத்தான். இல்லாத விரல் இரண்டும் கீமேல் உட்காருவது தெரிந்தது, மேல்பக்கத்தின் வழவழப்பு தெரிந்தது, அமுக்கியபோது அடியில் தடுக்கும் ஸ்பிரிங்கூடத் தெரிந்தது. இரண்டு வருஷம் கழித்து அவனுக்குப் பத்து விரல். அவன் அழுதேவிட்டான். இப்போது இரவு வேலைக்கு மாறி, பகலில் அவனோடு சேர்ந்து விளையாடிக்கொண்டிருந்த அர்ச்சுனன், ஹெட்போன் வழியாக அவன் காதுக்குள்ளே, பழைய ஆளு திரும்பி வந்துட்டான்டா என்று கத்தினான். அதற்கப்புறம் யார் சொன்னாலும் அவன் எழுந்திருப்பதாக இல்லை. ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம், ஏழு மணி நேரம்.

இரண்டாவது வாரம் ஷாமளாவின் விரல்கள் மரத்துப்போயின. அதே இரண்டு விரல்கள். செனாய் தொழிற்சாலையில் அவள் பார்த்த வேலை முடியைவிட மெல்லிய ஒயர்களைப் பூதக்கண்ணாடியில் பார்த்து ஒட்டுவது. கை தவறித் தவறி ஒரே இரவில் ஒரு தட்டு முழுக்க வீணானது. இந்த மாதக் கடைசிவரை பார்ப்போம், சரியாகவில்லை என்றால் வேறு ஆளைப் போட வேண்டியதுதான் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டாள். கிளினிக்கில் நரம்பு என்றார்கள், மாத்திரை தந்தார்கள். அவள் விரலை நம்பித்தான் அந்த வீட்டில் உலை வைத்தார்கள். ரூபேந்திரன் அவள் கைக்குத் தைலம் தேய்த்துவிட்டான், தூங்க வைத்தான், போய் விளையாடினான்.

அன்று வியாழக்கிழமை. மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது, வாசல் தகரக் கூரையில் கொட்டிய சத்தத்தில் ரொட்டிக்காரனின் ஹார்ன்கூட அமுங்கிப்போனது. இடி இடிக்கிறதே என்று பிளக்கைப் பிடுங்கி, லேப்டாப்பை அணைத்து, ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு அவன் கோப்பிக்குத் தண்ணீர் சுடவைத்தான். மழை கொஞ்சம் தணிந்தபோது ஹாலிலிருந்து அந்தச் சத்தம் வந்தது.

டக் டக். கொஞ்சம் பொறுத்து, டக்.

அவனுக்கு அந்தத் தட்டல் நன்றாகத் தெரியும். சாப்பாடு வரும்வரை கடை மேசையில் ஷாமளா அப்படித்தான் தட்டுவாள். தூக்கம் வராத நாளில் அவன் முதுகில் தட்டுவாள். மோதிர விரலும் சுண்டு விரலும். எழுந்துவிட்டாளா என்று எட்டிப் பார்த்தான். ஹாலில் யாரும் இல்லை. அணைந்து கிடந்த லேப்டாப்பில் வலது ஓரத்துக் கீகள் இரண்டும் அமுங்கி எழுந்தன. டக் டக். டக்.

அறைக்கதவைத் தள்ளினான். தைல வாசனை, மின்விசிறிக் காற்று, கறுப்புத் துணி ஓரத்தில் ஒரு கோடு வெளிச்சம். அவள் மல்லாந்து தூங்கிக்கொண்டிருந்தாள். வலது கை போர்வைமேல் கிடந்தது. அவன் மண்டியிட்டு அதை எடுத்தான். உள்ளங்கையில் சூடு இருந்தது. மூன்று விரலில் சூடு இருந்தது. மற்ற இரண்டும் ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்த கறி போல விறைத்து, வெளுத்து, மெரூன் நகப்பூச்சு மட்டும் மினுமினுத்தது. அமுக்கினான். ரத்தம் ஓடி வரவில்லை. கிள்ளினான். அவள் அசையவில்லை.

ஹாலில் கீகள் தட்டின.

இங்கே இருப்பது தோல்தான். விரல் அங்கே இருக்கிறது. இரண்டு வாரமாகத் தான் எதைக் கொண்டு விளையாடினோம் என்பது அவனுக்குப் புரிந்தது. ஹாலுக்கு ஓடிப் போய் போனை எடுத்தான். அந்த இரண்டும் என்னுடையதில்லை, பொய் சொல்லிவிட்டேன், திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள் என்று விற்றவனுக்கு எழுதி அனுப்பினான். இத்தனை நாள் வாய் திறக்காதவன் ஒரே நொடியில் பதில் போட்டான். நீங்கள் வரைந்தபடியே செய்திருக்கிறோம். விற்றதைத் திரும்ப எடுப்பதில்லை.

கீகள் வேகமாகத் தட்டின. தாளம் போய்விட்டது. சேற்றில் மாட்டிய காலை இழுக்கிற மாதிரி, அமுங்கி, திமிறி, மறுபடி அமுங்கி. திரை தானாகவே வெளிச்சமானது. அதில் விளையாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அவன் இல்லாமலே.

நிறுத்த வேண்டும். எப்படியாவது. அவன் பட்டனை அழுத்தினான். அணையவில்லை. பேட்டரியைக் கழற்றத் திருப்பினான். ஒரு திருகாணியும் இல்லை. ஷாமளா அறைக்குள் முனகினாள்.

மூடிவிட்டால் தூங்கிவிடும். மூடினால் எந்த லேப்டாப்பும் தூங்கிவிடும்.

மூடியைப் பிடித்து இறக்கினான். இடது பக்கம் பொருந்தியது. வலது பக்கம் பொருந்தவில்லை. அதே சந்து. அழுத்தினான். மெத்தென்று தடுத்தது. உள்ளே திமிறியது. இரண்டு கையையும் வைத்தான். போதவில்லை. தரையில் போட்டான். முழங்காலை வைத்தான். உடம்பின் கனம் முழுவதையும் இறக்கினான்.

முருங்கைக்காய் ஒடிந்தது.

இரண்டு தடவை.

மூடி தட்டையாக உட்கார்ந்தது. அதற்குப் பிறகுதான் அவள் கத்தினாள்.

அவன் போனபோது படுக்கை, தலையணை, சுவர், எல்லாம் சிவப்பு. ஷாமளா கையை வயிற்றோடு சேர்த்து அமுக்கிக்கொண்டு உருண்டாள். அவன் பிரித்துப் பார்த்தான். மோதிர விரலும் சுண்டு விரலும் அடியோடு இல்லை. கிழிந்த தோலுக்குள் எலும்பு வெள்ளையாக நொறுங்கித் தெரிந்தது. அவனுக்கு அறுந்த அதே இடம். அதே சாய்வு. படுக்கையைக் கலைத்துத் தேடினான். விரல் எங்கேயும் இல்லை.

"யாரோ மேல ஏறி முட்டி போட்டாங்க ரூபன்," என்றாள். பற்கள் கிடுகிடுத்தன. "கனமா. யாரு அது? நீ பார்த்தியா?"

அவன் துண்டைச் சுற்றினான். துண்டு நனைந்தது. ஆம்புலன்சைக் கூப்பிட வேண்டும். போன் ஹாலில் கிடந்தது, லேப்டாப்புக்குப் பக்கத்தில். அவன் குனிந்து எடுத்தபோது திரையில் ஒரு செய்தி இருந்தது. இரண்டு வாரத்துக்கு முன்னால் அவன் அனுப்பிய போட்டோவுக்கு வந்த பதில்.

இப்போது சரியாக மூடுகிறதா?

மூடிக்கும் அடிப்பகுதிக்கும் நடுவே இப்போது நூல் நுழைய இடமில்லை. அந்தக் கோட்டிலிருந்து ரத்தம் கசிந்து, சிமெண்டுத் தரையில் அவன் காலை நோக்கி ஓடி வந்தது. அறையில் ஷாமளா அம்மா அம்மா என்று அரற்றினாள். ரூபேந்திரன் வலது கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். இல்லாத விரல்கள் இரண்டிலும் இரும்பின் குளிர் ஏறியது, இருட்டு ஏறியது. பிறகு, மூடிக்கு உள்ளே இருந்து, மெதுவாக.

டக் டக்.

டக்.