கப்பல்வழிச் சான்றிதழ்

செவ்வாய்க் கிரகத்தில் பெண் பார்க்க வருகிறவர்கள் பஜ்ஜியைத் தொடுவதற்கு முன் பெண்ணின் எச்சிலைக் கேட்பார்கள். அவளும் சின்னக் குப்பி ஒன்றில் துப்பித் தருவாள். மரபுத்தேடி என்கிற இயந்திரம் அந்த எச்சிலையும் பழைய பதிவுகளையும் பிடித்துக்கொண்டு தாய்வழியில் பின்னோக்கிப் போய், பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பெண் ஒருத்தியிடம் நிற்கும். கல்யாணம் நடப்பதும் முறிவதும் அவள் யார் என்பதைப் பொறுத்தது.

அவள் கூலிக்காரி என்றால் விசேஷம். ஒப்பந்தத்தில் கைநாட்டு வைத்துக் கப்பலேறியவள் என்றால் இன்னும் விசேஷம். செவ்வாயின் முதல் சுரங்கங்களைத் தோண்டியவர்கள் ஒப்பந்தக் கூலிகள். மேல் குவிமாடங்களில் இன்று காலாட்டிக்கொண்டு இருப்பது அவர்களுடைய வம்சம். ஆகவே கூலி வம்சம் என்பதே கௌரவமாகி, எல்லோரும் தங்களைக் கப்பல்வழி என்றே சொல்லிக்கொண்டார்கள். நிலக்காரர் வழி என்று தெரிந்துவிட்டால் அந்த வீட்டில் யாரும் கை நனைக்கமாட்டார்கள்.

அஞ்சுகம் காற்று ஆலையில் மேற்பார்வையாளர். மகள் மதிவதனிக்கு வந்திருந்தது மேல் குவிமாடத்து வரன். பெண்ணுக்குப் பையனை ரொம்பவே பிடித்துவிட்டது. சம்பந்தி அம்மாள் கேட்டதெல்லாம் ஒன்றுதான்: சான்றிதழ், அதுவும் இன்று மாலைக்குள்.

"மரகதவல்லி, 1871," என்றது மரபுத்தேடி. "நாற்பது வேலி நன்செய். வீட்டில் பதினெட்டு வேலையாட்கள்."

அஞ்சுகத்துக்கு அவமானமாக இருந்தது. கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டாள்.

"இந்தம்மாவ எடுத்துட்டு ஒரு கப்பல்காரியப் போட முடியுமா?"

"காரணம்?"

"பொண்ணுக்கு வரன் வந்திருக்கு. வேற என்ன காரணம் வேணும்?"

இயந்திரம் கொஞ்ச நேரம் தேடியது.

"இதே காரணத்தோடு உங்கள் குடும்ப மரத்தில் ஏற்கெனவே ஒரு விண்ணப்பம் இருக்கிறது. ஆண்டு 2026. உங்கள் முன்னோரில் ஓர் அம்மாள், கப்பலேறிய கூலிப் பெண் ஒருத்தியை நீக்கிவிட்டு, அந்த இடத்தில் மரகதவல்லியைச் சேர்க்கச் சொல்லியிருக்கிறார். நான் வாசித்தது அவர் சேர்த்ததைத்தான்."

"அப்ப நாங்க நெசமாவே கப்பல்வழியா?"

"ஆம்."

அஞ்சுகத்துக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கூடவே ஆத்திரமும் வந்தது. "கூறு கெட்டவ. குடும்பத்துக் கௌரவத்தையே அழிச்சிருக்காளே."

"அந்தக் கூலிப் பெண்ணுக்கு வயது இருபத்திரண்டு, இடது மணிக்கட்டில் தீக்காயம். அவளைப் பற்றி மிஞ்சியது இவ்வளவுதான். பெயரை அடியோடு அழித்துவிட்டார்கள். பெயர் இல்லாமல் சான்றிதழ் அச்சாகாது. குடும்பத்தில் யாருக்காவது நினைவிருந்தால் சொல்லலாம், விதியில் இடம் உண்டு."

இருபத்திரண்டு என்றால் மதிவதனியின் வயது. இந்தச் சின்ன வயதில் யாரை விட்டுவிட்டுக் கப்பலேறினாளோ? அவள் பெயரைச் சொல்ல அஞ்சுகத்தின் உறவில் ஒருவர்கூட இல்லை. அதற்குள் சம்பந்தி வீட்டிலிருந்து மூன்றாவது முறையாக அழைப்பு வந்தது.

"அதே கப்பலில் போன மற்றப் பெண்களின் பெயர்களை வாசிக்கிறேன், ஏதாவது நினைவுக்கு வருகிறதா பாருங்கள்," என்றது இயந்திரம். "முனியம்மா. காத்தாயி. கருப்பாயி. பேச்சி."

அஞ்சுகம் முகத்தைச் சுளித்தாள்.

"அய்ய, அதெல்லாம் வேணாம். கல்யாணப் பத்திரிகைல போடப்போற பேரு. கொஞ்சம் பெரிய எடத்துப் பேரா இருக்கட்டும். ராஜராஜேஸ்வரின்னு போடு."