பாவு நூலின் மறுமுனை

இடது கை ஆள்காட்டி விரலில் சுற்றியிருந்த நூல், ருக்குமணி இழுப்பதற்கு முன்னாலேயே இழுபட்டது.

எப்போதும் அவள்தான் முதலில் இழுப்பாள். தறிக் குடோனிலிருந்து கதவிடுக்கு வழியாக உள்ளறைக்குப் போகும் அந்தப் பாவு நூலின் மறுமுனை, தொட்டிலில் கிடக்கும் மகனின் கால் கட்டைவிரலில் கட்டியிருந்தது. வயிற்றிலேயே சரியாக வளராமல், மாசமும் திகையாமல் பிறந்த பிள்ளை. கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்து கொடுத்தபோது கோயமுத்தூர் நர்ஸம்மா சொன்னாள்:

"நுரையீரல் இன்னும் முத்தலை கண்ணு. அதுக்குள்ள ரத்தக்குழாயும் சரியாக் கிளை உடலை. தூங்கறப்ப மூச்சு உட மறந்துபோடுவான். உள்ளங்கால்ல சுண்டி உடோணும். பக்கத்துலயே இரு."

தறி ஓட்டுகிறவள் பக்கத்திலேயே எப்படி இருப்பது? பஞ்சுத்தூசிக்குள் அவனைக் கிடத்தவும் முடியாது. அவள் புருஷன் காளிச்சாமிதான் நூலைக் கட்டினான்.

"நீ இழு. அவன் காலை உதறுவான். உசுரு இருக்குதுன்னு தெரிஞ்சுபோகுமல்ல?"

"நல்லாத் தறியில ஓடற நாடாவாட்டப் போய்ட்டு வருதுங்க" என்று அன்றைக்கு அவள் சிரித்தாள்கூட.

இப்போது சூலூர் முழுக்கக் கரண்ட் போனது. தறிகள் ஒவ்வொன்றாக முனகி அடங்கின. சத்தத்துக்குப் பழகிய காதில் அந்த அமைதி பஞ்சு வைத்து அடைத்தது போலிருந்தது. எண்ணெய் வாடையும் கஞ்சி வாடையும் மட்டும் மத்தியான வெக்கையில் அசையாமல் நின்றன.

நூல் மறுபடி இழுபட்டது.

"முளிச்சுட்டியா சாமி?"

இன்னொரு இழுப்பு. பலமாக. விரல் நுனி நீலமாகிக்கொண்டு வந்தது.

உள்ளங்கையில் அடங்குகிற பிள்ளைக்கு ஏது இந்தப் பலம்?

நூலைப் பிடித்தபடி உள்ளே போனாள். தொட்டில் ஆடவில்லை. தொட்டில் சேலைக்கு வெளியே ஒரு கால். கட்டைவிரலில் முடிச்சு மட்டும். நூல் அறுந்திருந்தது.

கால் சில்லென்றிருந்தது.

சுண்டினாள். மறுபடி சுண்டினாள்.

நெஞ்சு ஏறவில்லை.

வாசலிலிருந்து காளிச்சாமி குரல் கொடுத்தான். "ஏ புள்ள, பையன் என்ன பண்றான்?"

அவள் அந்தக் காலை உள்ளங்கையால் பொத்திக்கொண்டாள்.

அவள் விரலிலிருந்த நூல் தளரவே இல்லை. தொட்டிலைத் தாண்டி, கட்டிலுக்கடியில் இருட்டுக்குள் விறைப்பாகப் போயிருந்தது.

பழக்க தோசம். கை தானாக ஒருதரம் இழுத்தது.

கட்டிலுக்கடியில், ஒரு சின்னக் கால் உதறியது.