சிவப்புக் கோட்டுக்கு முப்பது நாள்

டமால்...

ஒரே ஒரு வெடி.

பிளாஸ்கிலிருந்து காபி ஊற்றிக்கொண்டிருந்த ஜெயபிரகாஷ் துள்ளித் திரும்பினான். காபி பாதி கப்பிலும் பாதி பேன்ட்டிலும் விழுந்தது.

1999 நவம்பர். டெக்சாஸில் மான் வேட்டை சீஸனின் முதல் சனிக்கிழமை. ஜெயபிரகாஷ் டாலஸ் பக்கத்தில் இர்விங்கில் ஒரு சாஃப்ட்வேர் கன்சல்டன்சியில் புரோகிராமர். அன்றைக்கு மட்டும் முதலாளி பத்மநாபனுக்கு டிரைவர், காபி போடுகிறவன், மூட்டை தூக்குகிறவன்.

"ஜேபி... இங்க வா. சீக்கிரம்..."

முதலாளியின் குரல். ஓடினான்.

சூரியன் இறங்கிவிட்டிருந்தது. கறுத்துக் கிடந்த புதருக்கு முன்னால் ஒரு பிரவுன் ஜாக்கெட். ஜாக்கெட்டுக்குள் கிட்டுசாமி.

கம்பெனியின் இன்னொரு பார்ட்னர். நெஞ்சு நடுவில் ரத்தம். கண்கள் திறந்தே இருந்தன. மூச்சு இல்லை.

"மான்னு நெனச்சேன் ஜேபி..." பத்மநாபன் துப்பாக்கியைப் பிடித்தபடியே நின்றார். "ஸ்கோப்புக்குள்ள கோடே தெரியலை. கறுப்புக் கோடு, கறுப்புப் புதர். எங்க குறி வச்சேன்னு எனக்கே தெரியலைடா."

"சார்..."

"நீதானே எழுதின? இல்லுமினேட்டட் ரெட்டிக்கிள், அந்தச் சிவப்புக் கோடு, தேவையில்லைன்னு நீதானே எழுதின?"

ஜெயபிரகாஷ் குனிந்து பார்த்தான். அங்கே விழுந்து கிடந்தது கிட்டுசாமி மட்டுமில்லை. அவனுடைய கிரீன் கார்டும்தான்.

மத்தியானம்தான் கிட்டுசாமி அவனைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். "தம்பி, திங்கக்கிழமை நான் தனியா பிரியறேன். பாதிப் பேர் என்கூட வர்றாங்க. உன் கிரீன் கார்டு பேப்பர் ரெண்டு வருஷமா பத்மநாபன் டிராயர்ல தூங்குது. நான் ஃபைல் பண்றேன், கவலைப்படாதே."

ஜனவரியோடு ஹெச்-ஒன் வேலை விசாவின் ஆறு வருஷமும் முடிகிறது. அதற்குள் யாராவது ஒரு முதலாளி கையெழுத்துப் போட வேண்டும். இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் இப்போது மல்லாந்து கிடந்தார். இன்னொருவர் அவரைச் சுட்டிருந்தார்.

"செல்லுல சிக்னல் இல்லை. பண்ணை வீட்டுக்குப் போய்ப் போலீஸுக்கு நைன் ஒன் ஒன் கூப்பிடு. ஓடு."

போக இருபது நிமிடம். வர இருபது நிமிடம்.

*

எல்லாம் மூன்று வாரத்துக்கு முன்னால் ஆரம்பித்தது.

துப்பாக்கி மேல் மாட்டுகிற தொலைநோக்கிதான் ஸ்கோப். அதற்குள் கண்ணை வைத்தால் ஒரு பிளஸ் தெரியும். அதுதான் ரெட்டிக்கிள். சாதாரண ஸ்கோப்பில் அது கறுப்பு. விலை கூடிய ஸ்கோப்பில் நாணயம் மாதிரி ஒரு வட்ட பேட்டரி போட்டால் பிளஸ் சிவப்பாய் எரியும்.

"எனக்கு அது வேணுமா வேண்டாமா? அனலைஸ் பண்ணி மெயில் போடு," என்றார் பத்மநாபன், ஏதோ டேட்டாபேஸ் வாங்குகிற மாதிரி.

ஜெயபிரகாஷ் மானைப் படத்தில் பார்த்தவன். ஆனாலும் இரண்டு வீக்எண்ட் இன்டர்நெட்டில் வேட்டைக்காரர்களின் சண்டையெல்லாம் படித்து ஒரு பக்கம் எழுதினான். தேவையில்லை சார். சூரியன் மறைந்து அரை மணி வரைதான் சட்டப்படி சுடலாம், பெரும்பாலும் அதுவரை கறுப்புக் கோடு போதும். நல்ல லென்ஸ்தான் முக்கியம். இருட்டுகிற நேரத்தில், கறுத்த புதருக்கு முன்னால் நிற்பதைச் சுட நினைக்கிறவருக்கு மட்டும் சிவப்பு வெளிச்சம் உதவும்.

பத்மநாபன் கடைசி வரியை இரண்டு தடவை படித்தார்.

"உன் கிரெடிட் கார்டுல ரெண்டையும் வாங்கிடு. ஒண்ணை ரிட்டர்ன் பண்ணிக்கலாம். முப்பது நாள் டைம் இருக்கே."

இர்விங் அபார்ட்மெண்டுகளில் யாரும் இதைத் தப்பாக நினைப்பதில்லை. ஊரிலிருந்து மாமனார் வந்தால் கேம்கார்டர் வரும். அவர் பிளேன் ஏறியதும் அது கடைக்குத் திரும்பிப் போகும். ஜெயபிரகாஷின் மனைவி வான்மதி இதில் கில்லாடி. டேக்கை வெட்ட மாட்டாள். தெர்மோகோல் உடைய விட மாட்டாள்.

"பேட்டரி பாக்கெட்டை மட்டும் பிரிக்கக் கூடாது. பிரிச்சா எடுத்துக்க மாட்டாங்கன்னு உங்க சாரிடம் சொல்லிடுங்க," என்றாள்.

சொன்னான். சார் கவனமாகக் கேட்டுக்கொண்டார்.

வேட்டைக்கு இரண்டு நாள் முன்னால், வியாழக்கிழமை, இன்னொரு கூத்து. "ஜேபி, என் பிசில தேதி 1980 ஜனவரி ஒண்ணுன்னு காட்டுது. நாம ரெண்டாயிரத்துல தேதி குழம்பாம சரிபண்ற ஒய்-டூ-கே கம்பெனிடா. கிளையண்ட் பார்த்தா சிரிப்பான்."

"சார், உள்ள பேட்டரி போயிருக்கும். மூடியைத் திறந்து பார்க்கறேன்."

"திறக்காதே." கையைத் தட்டிவிட்டார். "தேதியை மட்டும் மாத்து. போதும்."

மாற்றினான். வெள்ளிக்கிழமை காலையில் மறுபடி 1980.

*

விசாரணைக்கு வந்தது ரூத் என்கிற கேம் வார்டன், வேட்டை விவகாரங்களைப் பார்க்கிற போலீஸ் அதிகாரி. ஐம்பது வயது, ஆறடி உயரம், சிரிக்காத முகம். டார்ச் அடித்துத் துப்பாக்கியைப் பார்த்தார்.

"சாதாரண ஸ்கோப்," என்றார்.

"ஆமாம் மேடம்," என்றார் பத்மநாபன் அழுகையோடு. "இதுவே போதும்னு என் ஆள் எழுதிக் கொடுத்தான். நம்பிட்டேன்." சட்டைப் பையிலிருந்து நான்காய் மடித்த ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினார்.

அவனுடைய ஈமெயில். பிரிண்ட் எடுத்தது.

மான் வேட்டைக்கு யாராவது ஈமெயிலை எடுத்துக்கொண்டு வருவார்களா?

ஜெயபிரகாஷ் அதைக் கேட்டிருக்கலாம். ஆனால் வாய் திறக்கவில்லை. கையெழுத்து வேண்டுமே.

ரூத் காகிதத்தைப் படித்தார். அவனைப் பார்த்தார். துப்பாக்கியை எடுத்துக்கொண்டு போனார்.

இர்விங் திரும்பி அவன் காரை நிறுத்தியதும் பத்மநாபன் ஒரு பெட்டியை அவன் மடியில் வைத்தார். "சிவப்பு ஸ்கோப். தொடவே இல்லை. நாளைக்கு ரிட்டர்ன் பண்ணிடு. திங்கக்கிழமை உன் பேப்பர்ல சைன் பண்றேன்."

*

ஞாயிற்றுக்கிழமை காலை. சமையலறை மேஜையில் வான்மதி பெட்டியைச் சரிபார்த்தாள்.

"பில் இருக்கு. மேனுவல் இருக்கு. பேட்டரி பாக்கெட் சீலோட இருக்கு. பரவாயில்லையே உங்க சார்..."

ஜெயபிரகாஷ் ஸ்கோப்பைக் கையில் எடுத்தான். சும்மா பக்கத்துக் குமிழைத் திருப்பினான். கண்ணை வைத்தான்.

நடுவில் சிவப்பாய் ஒரு பிளஸ் எரிந்தது.

"மதி... பேட்டரி பாக்கெட் பிரிக்கலைன்னுதானே சொன்னே?"

"பிரிக்கலை. ஏன்?"

"அப்புறம் இது எப்படி எரியுது?"

குமிழின் மூடியைத் திருகினான். உள்ளே வட்ட பேட்டரி. அதன் மேல் மார்க்கரில் 'பி-1' என்று எழுதியிருந்தது. அவனுடைய கையெழுத்து. ஆபீஸ் கம்ப்யூட்டர்களிலிருந்து பார்ட்ஸ் காணாமல் போகிறது என்று ஒவ்வொன்றிலும் நம்பர் போடச் சொன்னதே பத்மநாபன்தான். பி-1 அவருடைய கம்ப்யூட்டர்.

1980 ஜனவரி ஒன்று.

"சீலை உடைக்காம இருக்க, தன் பிசில தேதியைக் காப்பாத்தற பேட்டரியைக் கழட்டிப் போட்டிருக்கார், ரெண்டும் ஒரே சைஸ்," என்றான். "இந்த ஸ்கோப்புலதான் பார்த்துச் சுட்டிருக்கார். நான் போன் பண்ண ஓடின நாப்பது நிமிஷத்துல மாத்தி மாட்டியிருக்கார். அவருக்குக் கோடு நல்லாவே தெரிஞ்சிருக்கு மதி. மானில்லைன்னும் தெரிஞ்சிருக்கு."

"போலீஸுக்குச் சொல்லுங்க."

"சொன்னா யார் சைன் பண்ணுவா?"

வான்மதி தொட்டில் பக்கம் திரும்பினாள். தொட்டிலில் நான்கு மாதக் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. அது அமெரிக்கக் குடிமகள். அவர்கள் இரண்டு பேரும்தான் ஜனவரி வரைக்கும்.

போன் அடித்தது.

"ரிட்டர்ன் பண்ணிட்டியா?" பத்மநாபன்.

"இதோ கிளம்பறேன் சார்..."

*

ரிட்டர்ன் கவுண்டரில் சூயிங்கம் மென்றுகொண்டிருந்த பெண் ஒரு படிவத்தை நீட்டினாள்.

"ரீசன் ஃபார் ரிட்டர்ன்?"

பேனா அந்தரத்தில் நின்றது. என்ன எழுதுவான்?

"நானும் அதைத்தான் கேக்க வந்தேன்," என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

ரூத்.

"காலையில அந்தத் துப்பாக்கியால நூறு கஜத்துல அட்டையைச் சுட்டுப் பார்த்தேன். குண்டு இரண்டடி தள்ளிப் போச்சு. புது ஸ்கோப் மாட்டினா சுட்டுப் பார்த்துச் சரி பண்ணணும். அந்த ஸ்கோப்பை யாரும் சரி பண்ணவே இல்லை. அதை வச்சு நேத்து அவர் நெஞ்சு நடுவுல அப்படிச் சுட்டிருக்கவே முடியாது. உங்க முதலாளிகிட்ட கேட்டேன். துப்பாக்கியிலேர்ந்து நீங்க ஏதோ கழட்டினதைப் பார்த்ததாச் சொன்னார். இந்த நேரத்துக்கு இங்க இருப்பீங்கன்னும் சொன்னார்."

ஜெயபிரகாஷ் பேனாவைக் கீழே வைத்தான்.

ஈமெயில் அவனுடையது. கிரெடிட் கார்டு அவனுடையது. ஸ்கோப் அவன் கையில். பேட்டரி மேல் கையெழுத்தும் அவனுடையது. சார் கையெழுத்துப் போடுவதாகச் சொன்னது கிரீன் கார்டு பேப்பரில் இல்லை, அவனுக்கு எதிரான வாக்குமூலத்தில் என்று இப்போதுதான் புரிந்தது.

இனி இழக்க என்ன இருக்கிறது?

"மேடம்... உள்ளே இருக்கிற பேட்டரியைத் தொடாம எடுங்க. அப்புறம் எங்க சார் ரூமுக்குப் போய் அவர் கம்ப்யூட்டரைப் போட்டுப் பாருங்க. தேதி என்னன்னு மட்டும் பாருங்க."

ரூத் முதல் தடவையாகப் புருவத்தைத் தூக்கினார்.

*

தேதி 1980 ஜனவரி ஒன்று. மூடியைத் திறந்தால் பேட்டரி இருக்க வேண்டிய இடம் காலி.

பத்மநாபன் துப்பாக்கியைத் துடைத்திருந்தார். ஸ்கோப்பைத் துடைத்திருந்தார். பெட்டியைக்கூடத் துடைத்திருந்தார். உள்ளே கிடந்த பேட்டரியைத் துடைக்க வேண்டும் என்று தோன்றவில்லை. அதன் வழவழப்பான முதுகில் அவருடைய பெருவிரல் ரேகை அச்சு அசலாகப் பதிந்திருந்தது.

அன்று சாயங்காலமே பத்மநாபன் கையில் விலங்கு.

மறுநாளே கம்பெனிக்குப் பூட்டு.

அதற்கடுத்த நாள் வக்கீல் போன் செய்தார். மிகவும் வருத்தமாம். ஸ்பான்சர் பண்ண கம்பெனியே இல்லாதபோது கிரீன் கார்டு மனுவுக்கு உயிர் இல்லையாம். புதிதாக ஆரம்பிக்க ஆறு வருஷத்தில் மிச்சமும் இல்லையாம்.

ஜனவரி. ஹாலில் நான்கு சூட்கேஸ்கள் வாயைப் பிளந்து கிடந்தன. வான்மதி குழந்தையின் ஸ்வெட்டரை மடித்து வைத்துக்கொண்டே கேட்டாள்.

"ஏங்க... ஆறு வருஷம் கழிச்சு எதுக்குத் திரும்பி வந்தீங்கன்னு மெட்ராஸ்ல எல்லாரும் கேப்பாங்களே. என்ன சொல்றது?"

ஜெயபிரகாஷ் சூட்கேஸின் மேல் ஏறி உட்கார்ந்து ஜிப்பை இழுத்தான்.

"பொருள் நல்லாத்தான் வேலை செஞ்சுது. ஓனர்தான் டிஃபெக்டிவ்னு சொல்லிடு."