எழுத்தறை வாசலில் ஒரு தட்டு

எழுத்தறைக் கதவுக்கு வெளியே, தரையில், சாப்பிட்டு முடித்த தட்டு ஒன்று கிடந்தது. ஓரத்தில் ஒட்டியிருந்த குழம்பு இன்னும் காயவில்லை.

அவர் பெட்டியைக் கீழே வைக்காமல் நின்றார். அது அவருடைய அறை. மூன்று மாதமாக அதற்குள் யாரும் இல்லை.

பயணம், அகழாய்வு, செத்துப்போன அறிஞர்களின் வாழ்க்கை என்று எழுதி, குடிவந்த நாட்டில் பேர் வாங்கியவர் அவர். எழுத உட்கார்ந்தால் மாதக்கணக்கில் வெளியே வரமாட்டார். படுக்கை, குளியல் எல்லாம் உள்ளேயே. கதவைத் தட்டக் கூடாது, கூப்பிடக் கூடாது. தட்டை வைத்துவிட்டுப் போய்விட வேண்டும். கல்யாணமான புதிதில் மனைவிக்குப் போட்ட சட்டம். அவள் ஒருநாளும் மீறியதில்லை.

இந்த முறை ஒரு சண்டைக்குப் பிறகு, கதவை உள்ளே தாழிட்டுவிட்டு, அறையின் தோட்டத்துப் பக்கக் கண்ணாடிக் கதவு வழியாக அவளிடம் சொல்லாமல் கிளம்பிவிட்டார். எங்கோ ஒரு மண்மேட்டைத் தோண்டுகிறார்கள், அதைப் பற்றி எழுத. தேடட்டும், அழட்டும் என்று நினைத்தார். அவள் தொலைபேசியில்கூடக் கூப்பிடவில்லை. கூடாரத்தில் படுத்து வயிறெரிந்தார். கடைசியில் வீம்பு தோற்றது. இந்த நாட்டில் அவரை ‘என்னங்க’ என்று கூப்பிட அவள் ஒருத்திதான் இருந்தாள்.

சமையலறையில் அவள் ஏதோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டிருந்தாள். கன்னம் பூசினாற்போல் இருந்தது.

“அட, வெளிய வந்துட்டீங்களா? புத்தகம் முடிஞ்சுதா?”

“இப்பதான் ஊர்லேருந்து வரேன்.”

“எந்த ஊரு? கட்டிலுக்கும் மேசைக்கும் நடுவுல இருக்கே, அந்த ஊரா?”

“விளையாடாத. மூணு மாசமா நான் இங்க இல்ல.”

“நீங்க என்னிக்கு இங்க இருந்தீங்க? செத்த பேராசிரியருங்க பொறந்த நாளெல்லாம் தலைகீழா ஒப்பிப்பீங்க. பொண்டாட்டி பொறந்த நாளக் கேட்டா முழிப்பீங்க.” பிறகு குரல் தணிந்தது. “இந்தத் தடவதான் ஞாபகம் வச்சு சொன்னீங்க. கதவுக்கு அந்தப் பக்கத்துலேருந்து.”

“நானா?”

“பின்ன யாரு? தினமும் பேசறீங்களே. கண் காணாத எடத்துக்குக் கூட்டிட்டு வந்து உன்னத் தனியா விட்டுட்டேன், மன்னிச்சுடுன்னு நேத்துகூட அழுதீங்க.”

அவர் பெட்டியைக் கீழே வைத்தார். வழி முழுக்க மனதுக்குள் எழுதி, அடித்து, திருத்திக்கொண்டு வந்த வாக்கியம் அது. இன்னும் சொல்லவில்லை.

அவள் அப்போதுதான் பெட்டியைப் பார்த்தாள். காலணியில் அப்பியிருந்த செம்மண்ணைப் பார்த்தாள். சிரிப்பு நின்றது.

வெளியே மழை இருட்டிக்கொண்டு வந்தது. நடைவழியிலிருந்து ஒரு வாசனை கிளம்பி, சமையலறை நெடியை மெல்ல ஒதுக்கிவிட்டு, மூடிய கல்லறையின் பலகைக்கல்லைப் பெயர்த்ததும் முகத்தில் வந்து படுமே, வெயிலே காணாத மண்ணின் அந்தக் குளிர்ந்த மூச்சு, அதைப்போல அவர் கழுத்தில் வந்து படிந்தது. நாற்காலி இழுபடும் சத்தம். நடை. அவர் நடப்பதைப்போலவே, இடது காலைச் சற்றுத் தேய்த்து.

இருவரும் நடைவழிக்கு வந்தார்கள்.

“யாரும்மா அது?” என்றது கதவுக்குள்ளிருந்து ஒரு குரல்.

அவருடைய குரல். அவரிடம் இல்லாத கனிவு.

அவள் கதவைப் பார்த்தாள். பிறகு அவரை.

“அப்போ நீங்க யாரு?”

“உன் புருஷன். இதென்ன கேள்வி?”

“உள்ள வா,” என்றது குரல். “அங்க குளிரும்.”

இத்தனை வருடத்தில் அந்த அறைக்குள் வா என்று அவர் அவளிடம் சொன்னதில்லை. தாழ்ப்பாள் விலகியது. கதவு ஒரு சாண் திறந்தது. இருட்டு. ஆள் இல்லை.

“போகாத!”

அவள் அவர் முகத்தை வெகுநேரம் பார்த்தாள்.

“இதையும் அதட்டித்தான் சொல்லணுமா?”

உள்ளே போனாள். கதவு மூடியது. தாழ் விழுந்தது.

தோளால் மோதினார். அசையவில்லை. தோட்டத்துக்கு ஓடினார். மழை. கண்ணாடிக் கதவில் சாவி நுழைந்தது, திரும்பியது. கதவு திறக்கவில்லை. கண்ணாடியைத் துடைத்து உள்ளே பார்த்தார்.

மேசையில் தூசி. நாற்காலியில் தூசி. தரையெங்கும் தூசி. அதில் ஒரே ஒரு வரிசைக் காலடிகள். அவளுடையவை.

அறை நடுவில் தனியாக நின்றிருந்தாள். கண் மூடியிருந்தது. முகம் யாரையோ பார்த்து நிமிர்ந்திருந்தது.

கண்ணாடியை அறைந்தார். கத்தினார். அவள் திரும்பவில்லை.

அவள் கன்னத்தில் ஒரு முடிக்கற்றை விழுந்து கிடந்தது. அது மெல்ல எழுந்தது. அவசரமில்லாமல், அத்தனை அன்பாக, அவள் காதுக்குப் பின்னால் போய்ச் செருகிக்கொண்டது.