எட்டு மணிச் சங்கிலி

பீர்க்கங்காயா, புடலங்காயா என்று பூங்கோதை யோசித்துக்கொண்டு நின்றதில் காய்க்கடை வாசலில் சின்னக் கூட்டமே சேர்ந்துவிட்டது. கோயம்புத்தூரில் ஒருத்தி காய் வாங்க யோசிப்பதைப் பார்த்து வெகுகாலம் ஆகியிருந்தது.

"ஏனுங்க்கா, தெளிமம் போடலீங்களா?" என்று கடைக்காரர் மெல்லக் கேட்டார். உடம்புக்கு முடியாதவர்களிடம் பேசுகிற குரல்.

"டாக்டர் நிறுத்தச் சொல்லியிருக்காருங்க. காமாலையா இருக்குமோன்னு சந்தேகம்."

"அடப் பாவமே. ரெண்டையும் போட்டு உட்டர்றேனுங்க."

இரண்டையும் வாங்கிக்கொண்டு நடந்தவளுக்கு, இரண்டுமே வேண்டாமோ என்ற சந்தேகம் தெருமுனை திரும்புவதற்குள் வந்துவிட்டது. தெளிமத்தைக் கண்டுபிடித்ததே இந்த அம்மாதான் என்று கடைக்காரருக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் காய்க்குக் காசு வாங்கியிருக்க மாட்டார்.

மூளை ஒரு முடிவுக்கு வந்ததும், 'சரி, போதும், நட' என்று சொல்லிவிட்டுப் போகிற இயக்குநீர் ஒன்று உண்டு. அதன் செயற்கை நகல்தான் தெளிமம். ஒன்பது அமினோ அமிலங்களை மணி மணியாகக் கோத்த சிறு சங்கிலி. அது இரத்தத்தில் சிதையாமல் இருக்க மஞ்சள் நிறத் துணைநொதி ஒன்றையும் சேர்த்து, நாக்குக்கு அடியில் கரையும் மாத்திரையாக விற்றார்கள். துணைநொதியில் மிஞ்சியது சிறுநீரில் பளிச்சென்று மஞ்சளாக வெளியேறும். மஞ்சளாகப் போனால் மருந்து வேலை செய்கிறது என்று ஜனங்களே ஒரு கணக்கு வைத்துக்கொண்டார்கள். பூங்கோதையின் டாக்டர் மாத்திரையை நிறுத்தச் சொன்னதும் அந்த மஞ்சளால்தான். எது காமாலை, எது மாத்திரை என்று அவருக்குப் பிரித்துப் பார்க்க வேண்டியிருந்தது.

சாப்பிட்டாச்சா என்று கேட்ட ஊர், தெளிமம் போட்டாச்சா என்று கேட்கப் பழகியிருந்தது. முகூர்த்தப் புடவையை நின்ற நிலையில் எடுத்தார்கள். பெண் பார்க்க வந்தவர்கள் காபி ஆறுவதற்குள் தேதி குறித்துவிட்டுப் போனார்கள். நீதிமன்றங்களில் வழக்குகள் தேங்குவதில்லை. தப்பான முடிவுகள் குறைந்தனவா என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. அப்படிக் கேட்பதற்கு முதலில் ஒரு சந்தேகம் வர வேண்டும்.

பூங்கோதையின் கணவர் சென்னியப்பன் மாவட்ட நீதிபதி. சின்ன வயதில், முன்சீப்பாக இருந்தபோது, தீர்ப்பு நாளில் அவருக்குக் காலை இட்லி உள்ளே போகாது. போனாலும் நிற்காது. குளியலறையில் அவர் ஓங்கரிக்கும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு, துண்டும் கையுமாக வெளியே நிற்பாள் பூங்கோதை. அவள் இந்தச் சங்கிலியைத் தேடிப் போனதே அந்தச் சத்தத்தைப் பொறுக்க முடியாமல்தான். ஆய்வுக் கட்டுரையில் அதையெல்லாம் எழுத முடியுமா? 'முடிவெடுப்பதால் உண்டாகும் அழுத்தம்' என்று எழுதினாள். தெளிமம் வந்த பிறகு அவர் தீர்ப்பு நாளில் இன்னும் இரண்டு இட்லி கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

அந்தக் கட்டுரை வெளியாகி இருபது வருடம் ஆனதை ஆய்வுக்கூடம் விழாவாகக் கொண்டாட இருந்தது. பழைய முறையில், இயந்திரம் இல்லாமல், கையாலேயே ஒருமுறை செய்து காட்டுங்கள் என்று பூங்கோதையிடம் கேட்டிருந்தார்கள். அங்கேதான் வினை வந்தது.

கைமுறையில் ஒவ்வொரு மணியாகக் கோக்க வேண்டும். மணி ஒட்டியதா என்று பார்க்க ஒரு சாயச் சோதனை உண்டு. ஒட்டாத முனை மிச்சமிருந்தால் நீலம் காட்டும். நீலம் இல்லையென்றால் அடுத்த மணிக்குப் போகலாம். புரோலின் என்கிற ஒரு மணி மட்டும் முரண்டு பிடித்த பிறவி. அதன் முனை வெறுமனே கிடந்தாலும் நீலம் காட்டாது, மங்கலான செம்பழுப்பில் நின்றுவிடும். புரோலினுக்கு அடுத்த மணியைக் கோத்துவிட்டுச் சோதனைக் குழாயைத் தூக்கிப் பார்த்த பூங்கோதை, அந்தச் செம்பழுப்பைக் கண்டாள். இதே நிறத்தை இருபது வருடத்துக்கு முன்பும் பார்த்திருந்தாள். நீலம் இல்லை, ஆச்சு என்று அடுத்த மணிக்குப் போய்விட்டாள். அன்றைய அவசரம் அப்படி.

அப்படியானால் அன்று செய்த சரக்கில் ஒரு மணி விட்டுப்போன எட்டு மணிச் சங்கிலியும் கொஞ்சம் கலந்திருக்கும். முதன்முதலில் மருந்தைப் போட்டுக்கொண்ட தன்னார்வலர்களுக்குப் போனது அந்தக் கலவைதான். பிறகு வந்த தொழிற்சாலை இயந்திரங்கள் இந்தத் தப்பைச் செய்வதில்லை. ஒவ்வொரு மணியையும் இரண்டு தடவை கோத்து, சுத்தமான ஒன்பது மணிச் சங்கிலியை மட்டுமே செய்தன.

அவள் ஒன்பதைத் தனியாகவும் எட்டைத் தனியாகவும் செய்தாள். அந்த இயக்குநீரின் வேலை நடந்தால் ஒளிரும் நரம்பணுக்களை வளர்த்த கண்ணாடித் தட்டில் முதலில் ஒன்பதை விட்டாள். இருட்டு. எட்டை விட்டாள். தட்டு முழுக்க மின்மினியாகப் பூத்தது. கடையில் வாங்கிய மாத்திரை ஒன்றைக் கரைத்து விட்டாள். மறுபடியும் இருட்டு. அன்றைக்குத் தன்னார்வலர்களிடம் வேலை செய்தது கலப்பில் இருந்த எட்டுதான்.

ஊரே இத்தனை வருடமாக நாக்கடியில் வைத்துக் கரைத்தது வெறும் மஞ்சள் தண்ணீர். தெளிவு மாத்திரையில் இருக்கிறது என்று நம்பியதால் தெளிவு வந்திருக்கிறது. அப்படித்தான் இருக்க வேண்டும். அல்லது மாத்திரை போடாததால் தனக்குப் புத்தி தடுமாறுகிறதா? சோதனையைத் திரும்பத் திரும்பச் செய்தாள். ஒவ்வொரு தடவையும் ஒரே முடிவுதான் வந்தது. ஒரு தடவைகூட அவளுக்கு நம்பிக்கை கூடவில்லை.

இதை மூடி வைக்கவும் வழியில்லை. மறுநாள் சென்னியப்பன் ராக்கியப்பன் வழக்கில் தீர்ப்புச் சொல்ல இருந்தார். ராக்கியப்பன் நூல் கிடங்குக் காவல்காரன். கிடங்குக்குத் தீ வைத்தான், உள்ளே தூங்கிய தொழிலாளி செத்துப்போனான் என்று வழக்கு. ஓடியவனின் முதுகை மட்டும் பார்த்த ஒரே ஒரு சாட்சி. ஆயுள் தண்டனை என்று சென்னியப்பன் எழுதி வைத்துவிட்டார்.

காலையில் இட்லித் தட்டை வைத்துவிட்டு, "ஏனுங்க, ஒண்ணு சொல்லோணும்," என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். அவர் மாத்திரையை நாக்கடியில் ஒதுக்கிக்கொண்டு பொறுமையாகக் கேட்டார்.

"நீ மாத்தர நிறுத்தி எத்தன நாளாச்சு கோதை?"

"மூணு வாரம் இருக்குமுங்க."

"அதான். சந்தேகம் வர்றதுதான் இப்ப உன்ற சீக்கே. சீக்கு சொல்றத எப்படி நம்பறது?"

அவளையே மூன்று நாளாகக் குடைந்துகொண்டிருந்த கேள்வி அது.

"அதுல ஒண்ணுமே இல்லீன்னா, நான் எப்படி இத்தன வருசம் நிம்மதியா இருந்தேன்?"

"இருக்குதுன்னு நெனச்சீங்க. அவ்வளவுதானுங்க." கொஞ்சம் தயங்கிவிட்டுக் கேட்டாள். "ராக்கியப்பன்தான் வெச்சான்னு உங்களுக்கு எப்படித் தெரியுமுங்க?"

"தெரியுது."

"அந்தச் சாட்சி முதுகைத்தானுங்க பாத்தான்?"

"தெரியுதுன்னாத் தெரியுது கோதை," என்று கை கழுவ எழுந்தார். தட்டில் ஒரு இட்லி மிச்சம் இருந்தது. அவர் மிச்சம் வைத்துப் பார்த்து எத்தனையோ வருடம் ஆகிவிட்டது.

பூங்கோதைக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. நீதிமன்றத்துக்குப் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்தாள். சென்னியப்பன் தீர்ப்பைப் பிரித்து வாசிக்கத் தொடங்கினார். சாட்சியின் வாக்குமூலம் வந்த இடத்தில் குரல் நின்றது. முந்தைய பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். தண்ணீர் குடித்தார். ராக்கியப்பனை நிமிர்ந்து பார்த்தார். பிறகு, தீர்ப்பு அடுத்த வாரத்துக்கு ஒத்திவைக்கப்படுகிறது என்றார்.

அப்படி ஒன்றை அந்த மன்றத்தில் கேட்டுப் பழகாத வக்கீல்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"என்னங்கய்யா சொல்றாங்க?" என்று ராக்கியப்பன் பக்கத்தில் நின்ற போலீஸ்காரரைக் கேட்டான்.

"தெரியலயேப்பா," என்றார் போலீஸ்காரர். அவரும் அப்படிச் சொல்லி வெகுநாள் ஆகியிருக்கும்.

பூங்கோதைக்குச் சந்தோஷத்தில் கண் நிறைந்துவிட்டது. தன்னை நம்பினாரே என்ற சந்தோஷம் பாதி, ஒரு மனிதன் இப்போதைக்குப் பிழைத்தானே என்ற சந்தோஷம் பாதி. அது சாயங்காலம் வரைதான் நின்றது.

வீட்டுக்கு வந்தவர் செருப்பைக் கழற்றாமலே குளியலறைக்குள் போனார். உள்ளே அந்தப் பழைய சத்தம் கேட்டது. அவள் துண்டை எடுத்துக்கொண்டு வந்து கதவுக்கு வெளியே நின்றாள்.

முகத்தைத் துடைத்துக்கொண்டே, "மத்தவங்கெல்லாம்?" என்று கேட்டார்.

"யாருங்க?"

"இத்தன வருசமா நான் உள்ள அனுப்புனவங்க. தெரியுது தெரியுதுன்னே அனுப்பிச்சேனே. ஒருத்தன் முகங்கூட ஞாபகத்துக்கு வரமாட்டேங்குது கோதை."

அவளுக்கு அழுகையாக வந்தது. ஈரத் துண்டை வாங்கிக்கொண்டாள்.

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். "அந்த எட்டு இருக்குதல்ல, மின்னுச்சுன்னயே. அது நெசமாலுமே வேலை செய்யுமா?" என்றார்.

"செய்யுமுங்க."

"எனக்குக் கொஞ்சம் குடு. அடுத்த வாரம் அவனுக்கு ஒரு பதில் சொல்லியாகோணும். இப்படியே இருந்தா நான் தாங்க மாட்டேன்."

எட்டு மணிச் சங்கிலியைக் கரைத்த குப்பி குளிர்பெட்டியில் இருந்தது. அவள்தான் ஆய்வுக்கூடத்திலிருந்து கொண்டுவந்து வைத்திருந்தாள். எதற்குக் கொண்டுவந்தோம் என்பதும் அவளுக்குச் சரியாகத் தெரியவில்லை. பெட்டியைத் திறந்தாள். பீர்க்கங்காயும் புடலங்காயும் நறுக்கப்படாமல் அப்படியே கிடந்தன. பின்னால் குப்பி குளிர்ந்து நின்றது.

கொடுத்தால் அவர் நிம்மதியாகச் சாப்பிடுவார், தூங்குவார். அடுத்த வாரம் ராக்கியப்பனுக்கு ஏதோ ஒரு தீர்ப்பைக் குரல் நடுங்காமல் சொல்லிவிடுவார். அது சரியா தப்பா என்ற சந்தேகம் இந்தத் தடவை அவருக்கு நிஜமாகவே வராது. கொடுக்காவிட்டால் அந்தச் சத்தம் தினமும் கேட்கும். ஆனால் அந்தச் சத்தம் கேட்கிறவரைதான் ராக்கியப்பனுக்கு வழியும் இருக்கிறது. அதைக் கேட்டுக்கொண்டு எத்தனை நாள் வெளியே நிற்க முடியும்?

கொடுப்பதா, வேண்டாமா? கூடத்திலிருந்து அவர் மறுபடியும் கூப்பிட்டார். பூங்கோதை குப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றாள். ஒரே ஒரு சொட்டைத் தன் நாக்கடியில் விட்டுக்கொண்டால் எது சரி என்று உடனே தெரிந்துவிடும்.

அவள் மூடியைத் திருகித் திறந்தாள்.