இடது பக்கத்து டிரே

செல்வமேரியை அடக்கம் பண்ணுன மறுநாளுங்க. ஏற்காடு நொம்பப் பனியா கெடந்துச்சு. எட்டு மணி ஷிப்ட்டுக்கு ஆரஞ்சு ஜூஸ் கம்பெனிக்குள்ள போனேன். பன்னெண்டு பேரு பேசிச் சிரிச்ச எடம். இப்ப ஆறு பேருதான்.

எம்பேரு வீராயி. வெள்ளை லைட்டு முன்னால உக்காந்து, ஓடி வர்ற காலி பாட்டில்ல அழுக்கு, கீறல் இருந்தா எடுத்து இடது பக்கத்து டிரேயில வெக்கற வேலை. அடுத்த ஸ்டூல்ல மேரி. பல்லுவலிக்கு எப்பவும் கிராம்பு அடக்கிக்கிட்டிருப்பா. எனக்குக் கண்ணு மங்கல். நான் தவறவிடறதை அவ எடுத்து, எட்டி என் டிரேயில வெப்பா. "சும்மாருக்கா, யாருக்குத் தெரியப்போகுது"ம்பா.

யாவாரம் படுத்துருச்சு, பாதிப்பேரை நிறுத்தறோம்னாங்க. சூப்பர்வைசர் ராஜ்குமார் என்னைக் கூப்பிட்டு, "ஏனுங்கக்கா, ரெண்டு பேர்ல யாருக்குக் கண்ணு சரியில்ல?"ன்னாரு. எம்மவளுக்குக் கடைசி வருசப் படிப்பு. வாய் கூசாம, "மேரிக்குத்தானுங்க"ன்னுட்டேன்.

பாவி நான்.

அவளை நிறுத்துனாங்க. என்னைக் காட்டிக்குடுக்காம போயிட்டா. மாரமங்கலத்துல மிளகு பறிக்கப் போனா. ஏணி ஏறிப் பழக்கமில்லாதவ. மூணாம் நாளே விழுந்து செத்துட்டா.

அடக்கத்துக்கு மறுநாள், ஷிப்ட்டுல பத்து மணி இருக்கும். என் டிரேயில ஒரு பாட்டில் கூடுதலா நின்னுச்சு.

நான் வெக்கலைங்க.

லைட்டுல புடிச்சுக் கிட்டத்துல பாத்தேன். அடியில மெல்லிசா ஒரு கீறல்.

கிராம்பு வாசனை.

"மேரி..."

திரும்பிப் பாத்தேன், அடுத்த ஸ்டூல் காலி.

சாயங்காலத்துக்குள்ள அப்படி ஒம்பது பாட்டில். "ஒண்ணுகூடத் தப்பலையேக்கா! இனி உங்க வேலைக்குப் பயமில்ல"ன்னாரு ராஜ்குமாரு. "கண்ணு மங்கல் எனக்குத்தானுங்க, பொய் சொல்லிட்டேன்"னேன். அவரு சிரிச்சாரு. "மங்கல்னா ஒம்பது எடுப்பீங்களா?"

மறுநாள் வாய் உடைஞ்ச பாட்டில் ஒண்ணு வந்துச்சு. எனக்கே நல்லாத் தெரிஞ்சுது. வேணும்னே விட்டேன். தப்பு வெளிய வந்து என்னையும் நிறுத்தட்டும்னு கையை மடியில கட்டிக்கிட்டேன்.

"விட்டுரு மேரி. கும்புடறேன்."

பாட்டில் காலி ஸ்டூலுக்கு நேரா போச்சு.

நின்னுச்சு.

மெல்ல எழும்பி, என் மூஞ்சிக்கு முன்னால வந்து, டிரேயில உக்காந்துச்சு.

குனிஞ்சு பாத்தேன். உடைஞ்ச வாயோரம் ஈரமா ரத்தம். என் கையைத் திருப்பித் திருப்பிப் பாத்தேன்.

எங்கையில காயமே இல்லைங்க.