காய்ந்த பாறை

இவர் எப்போது எழுந்து போவார் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். வந்தவர் காபியைத் தொடவில்லை. நடந்ததை மூன்றாவது முறையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். இருபத்தெட்டு வருடம் பாறைகளைச் சோதித்துச் சான்று எழுதியவளுக்கு, ஓய்வு பெற்ற பிறகு மனிதர்களைச் சோதிக்கும் வேலை தானாக வந்து ஒட்டிக்கொண்டது. பாறைகள் தேவலாம். சொன்னதையே திரும்பச் சொல்வதில்லை.

வந்தவர் அணுக்கழிவுக் கிடங்கின் இயக்குநர். நாற்பது வருட ஆயுள் கொண்ட கான்கிரீட் பீப்பாய்களில், நாற்பத்தாறு வருடமாகக் கழிவு தரைக்கு மேலேயே இருக்கிறது. மறுசுத்திகரிப்புக்கு அனுப்பினாலும் ஒரு மிச்சம் திரும்பி வரும். அதற்கும் இடம் வேண்டும். ஆகவே நானூறு மீட்டர் ஆழத்தில், விரிசல் இல்லாத பாறைக்குள் புதைப்பதாக முடிவாகியிருந்தது. சோதனைக்காகத் துளையிட்டு எடுத்த துண்டுகளில், சரியாக அந்த ஆழத்துத் துண்டைக் காணவில்லை.

துளை போடும் மேஸ்திரிதான் திருடி கழிவைப் புதைப்பதை எதிர்ப்பவர்களிடம் கொடுத்திருக்கிறான் என்றார் இயக்குநர். நல்லவேளையாக, துண்டு வெளியே வந்த அன்று, அது நல்ல பாறை என்று அவன் எழுதிய பதிவுத் தாள் கோப்பில் இருக்கிறது. திருடன் மேஸ்திரி, பாறை நல்லது என்று தட்டச்சு செய்து கொண்டுவந்திருக்கும் கடிதத்தில் அவள் கையெழுத்துப் போட்டால் திங்கட்கிழமை அனுமதி வந்துவிடும்.

"கிளம்பலாமா அண்ணி?" என்றாள் கூடவே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த நாத்தனார். செருப்பை ஏற்கெனவே மாட்டியிருந்தாள்.

துண்டுகள் இருந்த கொட்டகைக்கு மூவரும் போனார்கள். அதற்கு மூன்று சாவிகள். ஒன்று மேஸ்திரியிடம், ஒன்று துண்டுகளைப் பெட்டியில் அடுக்கும் அம்மாளிடம், ஒன்று இயக்குநரிடம். பதிவுத் தாள்களும் அங்கேதான். மற்ற தாள்களில் குழாய் எண்ணுக்குப் பிறகு 'முழுசு' அல்லது 'உடைசல்' என்று ஒரே சொல். காணாமல் போன துண்டு மேலே வந்த குழாயின் தாளில் மட்டும், 'நூற்று முப்பத்தேழாம் குழாய். முழுசு. காய்ந்த பாறை.'

நாத்தனார் எழுத்தை எழுத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தாள். "அதே கோழிக் கிறுக்கல்தான். மேஸ்திரி எழுதினதுதான் அண்ணி."

அவள் சுற்றிலும் இருந்தவர்களைப் பார்த்தாள். அடுக்கும் அம்மாளின் விரல்கள் வெளுத்து ஊறிப்போயிருந்தன. ஒவ்வொரு துண்டையும் துடைத்துத்தான் பெட்டியில் வைக்க வேண்டுமாம். நாளெல்லாம் ஈரத்துணியைப் பிழிகிற வேலை. மேஸ்திரி நிமிர்ந்தே பார்க்கவில்லை. தான் எழுதியது உடைசல் என்றும், விரிசல் நெடுகத் துரு ஓடியிருந்தது என்றும் முணுமுணுத்தான்.

"பாறை வெளிய வர்றப்ப எப்படிப்பா இருக்கும்?" என்று அவள் மேஸ்திரியிடம் கேட்டாள்.

"குளிச்சிட்டு வர்ற மாதிரி இருக்கும்மா. நாங்களும்தான்."

அவள் தாளை இயக்குநரிடம் நீட்டினாள். அவளுக்குக் களைப்பாக இருந்தது. கண்டுபிடித்துவிட்டோம் என்ற சந்தோஷமெல்லாம் எப்போதோ போய்விட்டிருந்தது.

"துளை போடுறப்ப சூடு தாங்காதுன்னு தண்ணி விட்டுக்கிட்டே இருப்பாங்க சார். எந்தப் பாறையும் நனைஞ்சுதான் மேல வரும். அதைக் காய்ந்ததுன்னு மேஸ்திரி எழுத மாட்டார். துடைக்கிற அம்மாவும் எழுத மாட்டாங்க. மெஷின் பக்கமே போகாத ஒருத்தர்தான் மேஸ்திரி கிறுக்கலைப் பார்த்து அப்படி எழுதுவார். துண்டையும் மூணாவது சாவிக்காரர்தான் எடுத்திருக்கணும். தண்ணி போகாத பாறைன்னு காட்ட உங்க அறிக்கைக்கு அந்த வார்த்தை தேவைப்பட்டுது."

இயக்குநர் மறுக்கவில்லை. ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்தார்.

பதினோரு வருடம் தேடிக் கண்டுபிடித்த இடம் என்றார் அவர். பீப்பாய்கள் வெடிப்பு விட ஆரம்பித்துவிட்டன. இதை விட்டால் மறுபடி முதலிலிருந்து. அவர் சொன்னதில் பொய் இல்லை. அதுதான் அவளை அதிகம் சோர்வடையச் செய்தது. கெட்டவராக இருந்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

"மேஸ்திரியை விட்டுடறேன்," என்றார். "துண்டு தவறிப்போச்சு, பாறை நல்லதுன்னு மட்டும் கையெழுத்துப் போடுங்க."

"ஆழத்துல புதைக்கிறதுதான் சரின்னு நானும் நினைக்கிறேன் சார். இந்தப் பாறையில இல்ல. துரு இருந்தா தண்ணி போயிருக்கு. போன தண்ணி ஒரு நாள் மேல வரும்."

"அதுவரைக்கும் அந்தப் பீப்பாய்ங்களை என்ன பண்ணச் சொல்றீங்க?"

"புதுசுல மாத்தி மேலயே வைங்க. காவல் போடுங்க. வேற பாறை தேடுங்க."

"அதுக்கு என் ஆயுசு போதாதும்மா."

"எனக்கும்தான்," என்று சொல்லி, அவர் கொண்டுவந்திருந்த கடிதத்தைக் கையெழுத்தில்லாமல் அவர் மடியில் வைத்தாள்.